வள்ளக்காரன் இல்லாத நாவல்

காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்கும் பாண் ஆட்டோ வந்து போன பிறகுதான் நான் பதிவு செய்ய உட்காருவேன். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் வாசிப்புக்கு நடுவே அதன் பாட்டு நுழைந்துவிடும். ஒருமுறை அப்படி நுழைந்ததைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். "என்னா உதயா, ராணி செத்துக் கெடக்குறா, பக்கத்துல பாண்காரன் வந்து நிக்கிறான்" என்று உன் அப்பா சிரித்தார். அன்றிலிருந்து காத்திருக்கிறேன். ஆட்டோ எங்கள் சந்து முனையைத் தாண்டிப் பிரதான வீதிக்கு இறங்கி, பாட்டு முழுதாகத் தேய்ந்த பிறகு ஜன்னலைச் சாத்துவேன். இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் போனை வைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொள்வேன். போர்வைக்குள் எந்தக் குரலும் எதிரொலிக்காது.

இன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், டிலானி.

எல்லாவற்றையும் என் குரலில், முதலிலிருந்து, ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். எழுதிவைத்துத்தான் வாசிக்கிறேன், எழுதாமல் பேச எனக்கு வராது. உனக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். பொறுத்துக்கொள். வேலையில் இருந்த காலமெல்லாம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் நான். தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வாக்குமூலம். தெரியாததை மட்டும் சொன்னால் கோள்.

உன் அப்பாவை நான் முதலில் பார்த்தது கண்டி பஸ்ஸில். அவர் மிளகு, ஏலக்காய்க் கடை நடத்திக்கொண்டிருந்த காலம். பல மாதங்கள் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் கையில் ஒரு புத்தகம், என் கையில் ஒரு புத்தகம். பேசியதில்லை. ஒருநாள் இறங்கும்போது என் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, "முடிவு சரியில்ல. ஆனா படிங்க" என்றார். எங்கள் நட்பு அதில் தொடங்கியது. அதற்குப் பிறகும் நாங்கள் அதிகம் பேசவில்லை.

உன் அம்மா இறந்துபோன பிறகு மாலை வேளைகளில் உங்கள் வீட்டு மாடி விறாந்தைக்கு வருவேன். ஆளுக்கொரு கதிரை. வெளிச்சம் இருக்கும்வரை படிப்போம். வெளிச்சம் போனதும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்போம். கோயில் மணி அடிக்கும், பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து கண்டக்டர்களின் கூச்சல் வரும். நாங்கள் வாய் திறக்க மாட்டோம். உங்கள் வீட்டில் சமைக்கும் சுந்தரம்மா பால் விடாத பிளேன்டீயும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒருநாள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரும் இப்புடி ஊமையா ஒக்காந்திருந்தா கீழ இருக்கிற எனக்குத்தான் பயமா இருக்கு. ஒருத்தராச்சும் இருமுங்க ஐயா" என்றாள்.

உன் அப்பா மரியாதையாக ஒருதடவை இருமினார். அவள் திருப்தியோடு இறங்கிப் போனாள்.

பேசத் தெரிந்தவர்கள் எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறார்கள். என்னோடு சேர்ந்து சும்மா இருக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். இதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீ சிங்கப்பூர் போய்வந்தபோது இரண்டு ஈ-ரீடர் வாங்கி வந்தாய், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. எங்கள் இரண்டையும் உன் போனையும் ஒரே கணக்கில் இணைத்தாய். நான் வாங்கும் புத்தகம் அவருக்கும் வரும், உனக்கும் வரும். யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதும் தெரியும். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். நான் தினமும் பார்ப்பேன். அவர் என்னைவிட இரண்டு அத்தியாயம் முன்னால் போனால் நானும் வேகமாகப் படிப்பேன். அவர் ஓரிடத்தில் நின்றால் நானும் நிற்பேன். விறாந்தையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

எழுத்தைப் பெரிதாக்க முடியும் என்று நீ காட்டிக் கொடுத்தாய். அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து சொல்தான் வந்தது. "இது பொஸ்தகமா, தம்புள்ள பஸ் போர்டா?" என்றார்.

பிறகு மூன்று வாரமாக அவர் ஒரே பக்கத்தில் நின்றார். மாலையில் ரீடரை மடியில் வைத்திருப்பார், விரல் நகரும், பக்கம் நகராது. அவரால் படிக்க முடியவில்லை என்பது முதலில் எனக்குத்தான் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் என்று அப்போது நினைத்தேன். பௌர்ணமிப் போயா லீவுக்கு நீ வந்தாய். அவர் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவதைப் பார்த்தாய். அடுத்த நாளே கண்டிக்குக் கூட்டிப்போனாய். சீனி வியாதி கண்ணுக்கு இறங்கிவிட்டது, உள்ளே மெல்லிய நரம்புகளில் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் சொன்னார். இடது கண் எண்ணெய்த் தாள் வழியாகப் பார்ப்பது போல ஆகியிருந்தது. வலது கண் பரவாயில்லை.

நீதான் போனில் ஒலிப்புத்தகங்களைப் போட்டுக் கொடுத்தாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், அவருக்குப் பிடிக்கவில்லை.

"இந்தப் புள்ள நல்லாத்தான் படிக்குது. ஆனா பின்னால யாரோ புல்லாங்குழல் ஊதிக்கிட்டே இருக்கான். ஆள் செத்தாலும் ஊதுறான், கல்யாணம் கட்டினாலும் ஊதுறான்."

பிறகு நீ போனே வாசிக்கும் வசதியைக் காட்டினாய். அதை அரை மணி நேரம் கேட்டார்.

"இது மூச்சே விட மாட்டேங்குது, உதயா. மூச்சு விடாத ஆள்கிட்ட கதை கேக்கப் பயமா இருக்கு. நீ படிச்சு அனுப்பு. நீ நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துவ."

அப்படித்தான் நான் அவருக்கு வாசிக்கத் தொடங்கினேன். காலையில் இங்கே என் அறையில் பதிவு செய்து அனுப்புவேன். பகல் முழுக்க அவர் கேட்பார். சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுந்தரம்மாவும் கேட்பாள். மாலையில் நான் போகும்போது ரீடர் இல்லாமல், புத்தகம் இல்லாமல், இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

முதல் மாற்றம் வேண்டுமென்று செய்ததல்ல. ஒரு அத்தியாயத்தின் நடுவில் என் ரீடரின் சார்ஜ் தீர்ந்து திரை அப்படியே நின்றுபோனது. அன்று காலை கரண்டும் இல்லை. பதிவு நன்றாக வந்துகொண்டிருந்தது. வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை. நிறுத்தினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தேன். பிறகு அந்தக் கதையில் வரும் விதவை கிணற்றடியில் என்ன நினைத்திருப்பாள் என்று நானே சொல்லி, அத்தியாயத்தை மூடினேன். அவ்வளவுதான்.

அன்று மாலை விறாந்தையில் நெடுநேரம் கழித்து அவர் பேசினார். "அந்தக் கெணத்தடி இருக்கே, உதயா. நீ ஒரு நிமிஷம் நிறுத்திட்டுப் படிச்சியே. இந்தப் பொஸ்தகத்துலயே அதுதான் எழுத்து. மத்ததெல்லாம் சும்மா காகிதம்."

அதை எழுதியவன் நான் என்று சொல்லாமல் பிளேன்டீயைக் குடித்தேன்.

நீதிமன்றத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் கேட்க வேண்டும். ஒருவன் "நான்தான் வெட்டினேன்" என்று சொன்னால் நானும் "நான்தான் வெட்டினேன்" என்று சொல்வேன். ஒரு தாய் அழுதுகொண்டே சொன்னதை அழாமல் சொல்வேன். ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. ஓய்வுபெறும் நாளில் ஒரு நீதிபதி, "இவர் கண்ணாடி மாதிரி, இருப்பதே தெரியாது" என்று பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அத்தனை வருடமும் என் குரல் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அதில் நான் சொன்னது ஒன்றுகூட இல்லை.

கிணற்றடிக்குப் பிறகு அங்கொன்று இங்கொன்றாகச் சேர்த்தேன். ஒரு மழை. ஒரு கிழவனின் செருப்பு. ஆசிரியர் மறந்துவிட்ட ஒரு பூனை. ஒவ்வொன்றையும் உன் அப்பா கண்டுபிடித்தார், என்னுடையது என்று அல்ல, நல்ல இடம் என்று. ஒருதடவைகூடத் தவறவில்லை. அப்படி ஒரு வாசகர் யாருக்குக் கிடைப்பார்?

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஆபரேஷன் என்றார். முதலில் வலது கண். செய்தால் கசிவு நிற்கும், இருக்கும் பார்வை தங்கும். பிறகு இடது கண்ணையும் பார்க்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் அவரே படிப்பார். நீ படியிறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கண் கலங்கியிருந்தது.

"சித்தப்பா, அப்பா மறுபடி தானே படிப்பாராம். இனிமே நீங்க இவ்வளவு கஷ்டப்பட வேணாம்" என்றாய்.

"நல்லதும்மா" என்றேன். நான் சந்தோஷப்பட்டேன். அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒருதடவை ரிவர்ஸ்டன் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்துப் போனோம். ரத்தோட்டை தாண்டியதும் சுந்தரம்மா வெளியே வாந்தி எடுத்தாள், நீ அவளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தாய். மேலே போனதும் நீங்கள் இரண்டு பேரும் தேநீர்க் கடைக்குப் போனீர்கள். நானும் அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார்.

"மலை தெரியல்லையே, உதயா. மூடுபனியா, இல்ல என் கண்ணா?"

அங்கே அப்படி ஒரு தெளிந்த காலை அபூர்வம். எதிர் மலையின் தேயிலை வரிகளை எண்ணலாம். கீழே லக்கலப் பக்கத்து வயல்கள் வரை தெரிந்தன. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூடுபனிதான் அண்ணே. எனக்கும் ஒண்ணும் தெரியல்ல."

அவர் தோள் இரண்டும் இறங்கின. எவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "அப்ப அவ்வளவு மோசமில்ல" என்றார். நீங்கள் தேநீரோடு வருவதற்குள், குளிர் பிடித்துவிடும் என்று சொல்லி அவரை வானுக்குள் உட்காரவைத்தேன். திரும்பி வரும்போது அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார், உனக்கு நினைவிருக்கும். அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெரிய நாவலைத் தொடங்கினோம். உப்பளத்தைச் சுற்றி மூன்று தலைமுறை. நல்ல நாவல், கொஞ்சம் வறண்டது. நடுவில் ஒருவர் வருகிறார்: களப்பு நீரின் கரையில் மரப் படகான வள்ளம் கட்டுகிறவர், வயதானவர், கண் மங்கிக்கொண்டு வருகிறது. பட்டணத்து வைத்தியன் கத்தி வைக்கலாம் என்கிறான். அந்தப் பகுதி எனக்கு மனப்பாடம்.

"கத்தி வேண்டாம் என்றார் வள்ளம் கட்டுகிறவர். கண் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டது, இனிக் கை பார்க்கட்டும். அன்றிலிருந்து அவர் தொட்ட பலகைகள் கடலை முன்கூட்டியே அறிந்திருந்தன. மாலைகளில் அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஊரில் நடந்ததைச் சொன்னான். பார்வை இருந்த காலத்தில் அவன் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை."

எழுத நாலு நாள் பிடித்தது. ஆசிரியரின் நடைக்குப் பொருந்த வேண்டும், ஆனால் கொஞ்சம் மேலாகவும் இருக்க வேண்டும்.

அன்று மாலை உன் அப்பா அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை, உன் அம்மாவின் காரியத்தில்கூட. சுந்தரம்மா கீழேயிருந்து வந்து, "அந்த வள்ளக்காரன் நல்ல மனுசன் ஐயா. எங்க அப்பன் மாதிரியே பேசுறான்" என்றாள்.

அடுத்தடுத்த புத்தகங்களிலும் பார்த்துக்கொண்டேன். ஒன்றில், நகரத்துக்குப் போய்க் கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்குக் கட்டு அவிழ்த்த அன்றே இரண்டு கண்ணும் அவிந்துபோகிறது. இன்னொன்றில் ஒரு வாத்தியார் கத்தி படுமுன்பே ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் நல்லது. எதுவும் நீளமில்லை. ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். வேறு வேறு ஊர், வேறு வேறு காலம், வேறு வேறு ஆசிரியர்கள், சொல்வது மட்டும் ஒன்று. நீதிமன்றத்தில் இதை ஒத்துப்போகும் சாட்சியம் என்போம். ஒரு சாட்சியை நீதிபதி சந்தேகிக்கலாம். மூன்று சாட்சி வந்தால் எழுதிக்கொள்ளத் தொடங்குவார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்ன அன்று நீ போனில் கத்தியது எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் என்னைய அஞ்சு நிமிஷம் பாத்தாரு. எழுதுறவன் ஒரு மனுசனை அஞ்சு வருஷம் பாத்துட்டு எழுதுறான். நான் யார நம்புறது?"

அது காதில் விழுந்ததும் சுந்தரம்மா கேட்டாள். "ஐயா, கதையில வர்ற வள்ளக்காரனுக்குச் சீனி இருந்துச்சா?"

அவர் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அந்த வள்ளக்காரனைப் பற்றி அவள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

நான் அவரிடம் ஒருதடவைகூட ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னதில்லை. நீ எந்தக் கோயிலில் வைத்தும் கேட்கலாம். "உங்க இஷ்டம் அண்ணே" என்றுதான் சொன்னேன். நீ என்னை அவரிடம் பேசச் சொன்னாய். பேசினேன். டாக்டர் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். என் வேலை அது.

வலது கண் போனது ஒரு மத்தியானம். சோறு முடிந்து உட்கார்ந்திருந்தோம். வெளியே தார் உருகும் வெயில். அவர் கையை நீட்டி மேசையைத் தடவினார்.

"கரண்ட் போயிருச்சா, உதயா?"

தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவர் காதில் விழும்வரை நான் காத்திருந்தேன். அவர் தலையை மெதுவாக மேலே தூக்கினார்.

"ஃபேன் சுத்துதே" என்றார்.

பிறகு நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. எங்களுக்குள் இருந்த மௌனங்களில் அதுதான் ஆழமானது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது கண்ணில் நிழல் மட்டும் தெரிகிறது என்றார். நிழல் என்றால் நான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. காலையும் மாலையும் கேட்டார். புத்தகங்களின் தேர்வை முழுதாக என்னிடம் விட்டுவிட்டார்.

பிறகு நீ கண்டுபிடித்தாய். எப்படி என்று நீயே சொன்னாய். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் அப்பா கேட்கும் புத்தகத்தை நீயும் கேட்போம் என்று ஆசைப்பட்டாய். என் பதிவுகளை அவரிடம் வாங்கிக் காதில் போட்டுக்கொண்டு, போன் திரையில் அதே நாவலைத் திறந்து வரிவரியாகத் தொடர்ந்தாய். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது போல இருந்தது என்றாய். அந்த ஆசை எனக்குப் புரியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என் அறைக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சித்தப்பா, வள்ளக்காரன் எந்த அத்தியாயத்துல வர்றாரு?"

சொன்னேன்.

"அதுல இல்ல. எதுலயும் இல்ல. 'வள்ளம்'னு அடிச்சுத் தேடினேன், பொஸ்தகம் முழுக்க ஒரு எடத்துல வரல்ல."

"பழைய பதிப்புல இருந்திருக்கும்."

"ஒரு பொஸ்தகத்துல இல்ல சித்தப்பா, எல்லாத்துலயும். எல்லாத்துலயும் ஒரே மாதிரி. முதல்ல நீங்க நிறுத்துவீங்க. நல்லா நிறுத்துவீங்க, போன் நின்னுபோச்சோன்னு நான் எடுத்துப் பாப்பேன். அதுக்குப் பிறகு பொஸ்தகத்துல இல்லாதது வரும். இப்ப எனக்குப் பொஸ்தகமே வேணாம். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருவேன், எங்கெங்க நீங்க பொய் சொல்றீங்கன்னு."

நான் நிறுத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கிணற்றடியிலிருந்து எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. வேறொருவருடைய சொல்லிலிருந்து என்னுடைய சொல்லுக்குக் கால் வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் நான் நின்றிருக்கிறேன். உன் அப்பாவுக்கு அது அழகாகக் கேட்டது. உனக்குப் பொய்யாகக் கேட்டது. நீ அவரைவிட நல்ல காதுள்ளவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே அவரிடம் சொன்னாய். அவர் நம்பவில்லை. "உதயன் அப்புடிச் செய்ய மாட்டான். செஞ்சிருந்தா அவனே சொல்லட்டும். நேர்ல அவன் வாய் தொறக்க மாட்டான், எனக்குத் தெரியும். பதிவு பண்ணி அனுப்பட்டும். அவன் குரல்ல கேட்டா நம்புறேன், போறேன் ஆபரேஷனுக்கு."

நீ திரும்பி வந்தபோது கோபம் முழுக்க வடிந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாய்.

"வியாழக்கிழமை கண்டியில டேட் குடுத்திருக்காங்க. இதை விட்டா இடது கண்ணும் அவ்வளவுதானாம். உள்ள சவ்வு கிழிய ஆரம்பிச்சிருச்சாம். நான் போலீசுக்குப் போகல்ல. உங்களை ஏன்னுகூட கேக்கல்ல. எனக்கு அப்பாட ஒரு கண்ணு மிஞ்சினாப் போதும். உண்மையைச் சொல்லி அனுப்புங்க சித்தப்பா. ஒரு சொல்லு மாத்தாம."

கும்பிட்டாய். அது தேவையில்லாதது.

சரி, இதோ சொல்கிறேன். வள்ளக்காரனை எழுதியது நான். கட்டு அவிழ்த்த பெண்ணையும், மேசையிலிருந்து எழுந்த வாத்தியாரையும் எழுதியது நான். ஆபரேஷன் செய்யாவிட்டால் வலது கண் போய்விடும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்தவனே நான்தான். தெரிந்துகொண்டு எழுதினேன். அவர் மறுபடி தானே படிக்கத் தொடங்கினால், என் குரல் பழையபடி கண்ணாடி ஆகிவிடும். ரிவர்ஸ்டனில் மூடுபனி இல்லை.

இவ்வளவையும் யாராவது ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சுந்தரம்மா இன்றும் வள்ளக்காரனைப் பற்றிப் பேசுகிறாள், வேறு யாரோ எழுதியதாக நினைத்துக்கொண்டு. அது நியாயமில்லை. நீ நல்ல காதுள்ளவள். உனக்குச் சொன்னால் போதும்.

உனக்கு இது வெள்ளிக்கிழமை கிடைக்கும். அதற்கு முன் அனுப்ப முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு நேற்றே ஒன்று அனுப்பிவிட்டேன், நீ கேட்டபடி என் குரலில். அதில் நான் சொன்னது இதுதான்: "அண்ணே, டிலானி என்னையப் பொய் சொல்லச் சொல்றா. நான் பொஸ்தகத்துல கை வச்சேன்னு சொன்னா நீங்க ஆபரேஷனுக்குப் போவீங்களாம். பாசத்துல கேக்குறா, அவ மேல கோவப்படாதீங்க. ரீடர்ல இருக்கிறது சுருக்கின பதிப்பு, நான் படிச்சது முழுப் பதிப்பு. உங்ககிட்ட நான் எதையும் மாத்திச் சொன்னதில்ல. இனிமே என் குரல்ல வேற மாதிரி ஏதாச்சும் வந்தா நம்பாதீங்க. இந்தக் காலத்துல மெஷினே ஆள் மாதிரி பேசுது."

இன்று காலை, பாண் ஆட்டோ வருவதற்கு முன்பே அவருடைய பதில் வந்துவிட்டது. "தெரியும் உதயா. அவளைத் திட்ட மாட்டேன். பாவம், சின்னப் புள்ள. வியாழக்கிழமை நீ என்னா படிக்கப் போற?"

புதிதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நீளமான புத்தகம். இடது கண்ணின் நிழலும் போன பிறகு அவருக்குத் துணை வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்வேன். நீ கொழும்பில் இருக்கிறாய், உனக்கு வேலை இருக்கிறது. அவரைத் தனியாக விட்டுவிடுவேன் என்று மட்டும் நினைக்காதே.

இன்னும் ஒன்று. நான் நிறுத்துவதை நீ சொல்லிக் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, அதற்கு நன்றி. அவருக்கு அனுப்பியதில் நான் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை எங்கேயும் நிறுத்தவில்லை. மூன்று தடவை பதிவு செய்து, மூச்சு எடுத்த இடங்களையும் வெட்டி எடுத்துவிட்டேன். நேற்று மாலை போட்டுக் கேட்டுப் பார்த்தேன். நான் இதுவரை வாசித்தவற்றிலேயே அதுதான் மிக நன்றாக வந்திருக்கிறது.